மிஸஸ் ஹிம்

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தும் கிராமர் சாரின் மனைவிக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு. மிஸஸ் ஹிம். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது வேறு யாருமில்லை, கட்டிய புருஷனேதான்.

கல்யாணமான புதிதில் தலைமை ஆசிரியரும் மற்ற வாத்தியார்களும் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார்கள். காபித் தட்டோடு போனவளிடம் தலைமை ஆசிரியரின் மனைவி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். இவளுக்கும் பேசிப் பார்க்க ஆசை. புருஷனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுவோமே என்று, "ஹிம் இஸ் வெரி குட் மேன்" என்றாள். முதலில் சிரித்தது கிராமர் சார்தான். வீட்டுக்காரரே சிரித்த பிறகு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கூடமே அதிர்ந்தது. அவள் கையில் இருந்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

அதோடு விட்டாரா மனிதர்? வேற்றுமைப் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் அதே கதைதான். "தமிழ்ல மாட்டை, மாட்டுக்கு, மாட்டால்னு வாலை மாத்திக்கிட்டே இருக்கணும். இங்கிலீஷ் மாட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. முட்டினாலும் அதே மாடு, முட்டு வாங்கினாலும் அதே மாடு. அதோடதுன்னு சொல்றப்போ மட்டும் பின்னால ஒரு எஸ். ஆனா 'அவன்' அப்படி இல்லடா. அடிச்சா ஹி, அடி வாங்கினா ஹிம், அவனோடதுன்னா ஹிஸ். இதை மாத்திச் சொன்னா என்ன ஆகும்? என் வீட்டுக்காரி கதைதான் ஆகும்." பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடம் மறந்தவனுக்குக்கூட மிஸஸ் ஹிம் மறக்கவில்லை.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாத்திரை வாங்க வரும் மீசை முளைத்த பழைய மாணவன் ஒவ்வொருவனும் அவளைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பான். அவளுக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும். புகழ்ந்ததற்கா இந்தத் தண்டனை? திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கூட்டமில்லாத மதியங்களில், அவருடைய இலக்கணப் புத்தகத்தையே எடுத்துப்போய், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தாள். ஹி, ஹிம், ஹிஸ் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு ஆயிற்று. ஆனால் அவர் காதுபட ஒரு ஆங்கில வார்த்தை பேசவில்லை. பேசினால் அதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பார், தெரியாதா அவளுக்கு?

ஓய்வு பெற்ற பிறகு கிராமர் சாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, வாய் கோணியது. தமிழ் ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத்தடுமாறித் திரும்பி வந்தது. ஆங்கிலம் வாயில் வரவே இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "சின்னச் சின்ன வாக்கியமா நீங்களே சொல்லிக் குடுங்கம்மா. நீங்க சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய மாணவர்கள் அவருக்குப் பாராட்டு விழா எடுக்கப்போவதாக வந்து நின்றார்கள். சார் நாலு வார்த்தை ஆங்கிலத்தில் பேசினால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்குமாம். வெளியூரிலிருந்த மகள் போனில் வாக்கியங்களைச் சொன்னாள். எல்லோருக்கும் நன்றி, எனக்கு நிறைய அன்பு கொடுத்தீர்கள், இவள் என் மனைவி, எனக்கு உதவினாள். அவ்வளவுதான்.

"நீதாம்மா பழக்கணும். தப்பில்லாமப் பாத்துக்கோ" என்றாள் மகள்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

பார்த்துக்கொண்டாள், நன்றாகவே. மறுநாள் காலை அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மீ தேங்க் யூ" என்று ஆரம்பித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, "மீ... தேங்க் யூ" என்றார். "யூ கேவ் ஐ மச் லவ்." அதையும் சொன்னார். "ஹர் இஸ் மை வைஃப். ஹர் ஹெல்ப்ட் ஐ." சொன்னார். வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை என்றாள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாகவே வரும்வரை பழக்கினாள். பாவம் பார்க்கத் தோன்றியபோதெல்லாம் காபித் தட்டை நினைத்துக்கொண்டாள். கிராமர் சாரின் மானம் அவர் மாணவர்கள் முன்னாலேயே கப்பலேற வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அரங்கு நிறைந்திருந்தது. வழுக்கை விழுந்த பழைய வாத்தியார்கள் முதல் வரிசையில். அன்று கூடத்தில் சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அவரை மேடையில் தாங்கிப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, பழக்கியதை ஒன்று விடாமல் சொன்னார். மீ தேங்க் யூ. யூ கேவ் ஐ. ஹர் ஹெல்ப்ட் ஐ.

அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். அப்புறம் கைதட்டல், கூரை இடிந்து விழுகிற மாதிரி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். "இந்த நிலைமையிலயும் இங்கிலீஷ்ல பேசினாரே, அதான் சார்" என்று பின்னால் ஒருவன் தழுதழுத்தான். ஒரே ஒரு ஹிம்முக்கு அவளைப் பார்த்து ஆயுசு முழுக்கச் சிரித்தார்கள். இவர் நாலு வாக்கியத்தையும் கந்தலாக்குகிறார், எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

திரும்பும்போது காரில் அவர்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

"நீ சொல்லிக் குடுத்தது... தப்பு. தெரியும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்போ தெரிஞ்சுது?"

"மொத நாளே."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"சிரிப்பாங்கன்னு... நெனச்சேன். உனக்கு... ஆறட்டும்னு." கோணல் வாயால் புன்னகைக்கப் பார்த்தார். "சரியாப் போச்சா?"

அந்தப் புன்னகையில் அவள் ஒரு நிமிடம் ஆடித்தான் போனாள். மருந்துக்கடையில் நின்ற வருஷங்கள் அவளை நிமிர்த்தி உட்கார வைத்தன.

"என்ன சரியாப் போச்சு? உங்களைப் பாத்து யாரும் சிரிக்கலையே. கைதானே தட்டினாங்க? இன்னிக்கு வந்தவங்களை வீட்டுக்குக் கூப்பிடறேன். அவங்க முன்னாடி ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க. அவளைப் பாத்து உங்களைச் சிரிக்க வெச்சது நான்தான், அது தப்புன்னு."

அவர் முகத்திலிருந்த புன்னகை போயிற்று.

"எல்லாரும்... சிரிச்சாங்க" என்றார்.

"மொதல்ல சிரிச்சது யாரு?"

காரோட்டி கண்ணாடியில் அவர்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டான். அரங்கு நிறைந்த கூட்டத்தில் அத்தனை தப்பையும் கூசாமல் சொன்ன மனிதருக்கு, மூன்று பேர் இருக்கிற காரில் அந்த ஒன்று வாயில் வரவில்லை.

அவள் கைக்குட்டையை எடுத்து அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"பரவாயில்ல. நாளைக்குக் காலைல அந்த வாக்கியத்தைத்தான் ஆரம்பிக்கறோம்" என்றாள். "வர்ற வரைக்கும் நான் விடப்போறதில்ல."