இந்த ஊட்டு மாப்பிள்ளை

"ஆரு கேட்டாலும் கூட வந்தவரை மேளக்காரர்னு சொல்லிப்போடு அம்மணி. மாப்பிள்ளை, மச்சான்னு வாயெடுக்காதே. சம்பந்தி ஊட்டுக்கு ஒண்ணும் தெரியாது."

பெருந்துறை மண்டபத்தில், மணமகள் அறைக்கு வெளியே, அண்ணன் ஆறுச்சாமி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். பழனாத்தாளுக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. பறையடிக்கும் தெருவிலிருந்து வந்த கருப்பணனைக் கட்டிக்கொண்டதற்காக அவளைத் தலைமுழுகிய குடும்பம். அவன் அடிக்க அவள் பாடி, காரமடைத் தேர் முதல் சிங்கப்பூர் மேடை வரை ஜோடியாகப் பேரெடுத்து, இருபது வருஷம் போன பின்பு இன்றைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் கல்யாணப் பெண்ணான அண்ணன் மகள் நந்திதா, அத்தை பாடியே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதால்.

"சரிங்கண்ணா" என்றாள்.

பந்தியில் அவளுக்கு மட்டும் இலை போட்டார்கள். எழுந்து அவனைத் தேடிப் போனாள். பின்பக்கம் ஜெனரேட்டர் ஓரமாக, காகிதத் தட்டை ஏந்தி நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இங்க எதுக்கு நிக்கறீங்க?"

"இங்கதான் குடுத்தாங்க. உடு பழனா, நமக்கென்ன புதுசா? பாடிப்போட்டு ஊட்டுக்குப் போலாம்."

அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேடையேறியபோது நந்திதா அவள் கையைப் பிடித்தாள். "மாமா சாப்பிட்டாங்களா அத்தை?"

அந்தக் குடும்பத்தில் அவனை மாமா என்று சொன்ன முதல் வாய் அது. பழனாத்தாள் மைக்கை எடுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. பாடறதுக்கு முன்னால ஒண்ணு. இந்தா பறையோட நிக்கறாரே, இவரு இந்த ஊட்டு மாப்பிள்ளைங்க."

மண்டபமே சிரித்தது. கிராமியப் பாட்டுக்காரர்கள் என்றால் நையாண்டி இல்லாமலா? யாரோ விசிலடித்தார்கள். சம்பந்தி கைதட்டினார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஆறுச்சாமிதான்.

கருப்பணன் தலையைக் குனிந்துகொண்டு, பாட்டைத் தொடங்கிவிடலாம் என்று குச்சியை ஓங்கினான். அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தாள்.

"தமாசு இல்லீங்க. நான் ஆறுச்சாமி கூடப் பொறந்தவ. இவரு என்னையக் கட்டுனவரு. இப்பத்தான் ஜெனரேட்டரோரம் நின்னுட்டுச் சாப்பிட்டு வந்தாருங்க."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அவன் கையை விட்டாள். "இப்ப அடிங்க."