அரைச் சுற்று

சோப்புத் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷை டீச்சர், காற்று ஏற்றிய குழாயின் நட்டின் மேல் மெதுவாகத் தடவினார். பட்டறையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். குழாயைப் பொருத்திய மனிதர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நட்டின் அடியிலிருந்து ஒரு நுரை கிளம்பி, ஊதிப் பெருத்து, உடைந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது.

"கசியுது," என்றார் டீச்சர்.

"கசியுதா மேடம்?" என்று கேட்டார் அவர். அந்தக் குரலில் ஆச்சரியம் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அவருக்கு வயது நாற்பத்தாறு. ஏ.சி. மெக்கானிக் வேலை பழகும் அந்த வகுப்பில் இளவட்டங்கள் முதல் நாளே அவருக்கு 'மாமா' என்று பேர் வைத்துவிட்டார்கள். பஸ் கம்பெனி ஆட்குறைப்பில் வேலை போய் வந்திருந்த, அவரைவிட மூத்தவரான கண்டக்டர்கூட அவரை மாமா என்றுதான் கூப்பிட்டார். டீச்சர் மட்டும் அண்ணே என்பார். அவர் மாமாவைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்.

டீச்சர் குழாயை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நெருப்பு வைத்து ஒட்டிய இணைப்புகளில் ஒரு குறை சொல்ல முடியாது. பழகுபவர்களுக்குக் கை நடுங்கும் இடம் அதுதான். அங்கே வேலை அத்தனை சுத்தம். ஸ்பேனரைப் பிடித்த யாரும் இறுக்கிவிடக்கூடிய நட்டில்தான் மாமா கோட்டை விட்டிருந்தார்.

"போன தடவையும் இதே நட்டுதாண்ணே."

"அப்படியா? எனக்கு ஞாபகமில்ல மேடம்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல், தேறவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். மாமா மூச்சை விட்டார். நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த நட்டை அவர் சரியாகத்தான் இறுக்கியிருந்தார். இறுக்கிய பிறகு, யாரும் பார்க்காதபோது, அரைச் சுற்றுத் தளர்த்தினார். வகுப்பிலிருந்த நடுவயதுக்காரர்களுக்குள் இந்த வித்தைக்குப் பேரே 'அரைச் சுத்து' என்பதுதான். "இந்தத் தடவை எப்படி?" என்று ஒருவர் கேட்டால், "அரைச் சுத்துதான்" என்று மற்றவர் சொல்வார். தேறாமல் போவது எப்படி என்று பயிற்சி எடுக்கும் மாணவர்களை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்?

இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாமா வேலை பார்த்த டயர் தொழிற்சாலையை இழுத்து மூடியபோது, அரசாங்கம் தெருவுக்குத் தெரு சுவரொட்டி ஒட்டியது. நரைத்த தலையோடு ஒருவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் படம். வயது ஒரு தடையில்லை, புதிய தொழில் படியுங்கள், படித்து முடிக்கும்வரை குடும்பத்துக்கு உதவித்தொகை என்றது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். வளைந்து காட்டுகிறேன் என்றுதான் மாமா வகுப்பில் சேர்ந்தார். அவர் கையும் நன்றாகவே வளைந்தது.

வளையாதது சட்டம்தான். அடுத்த வருஷமே மனைவியின் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். அது ஒரு எல்லையைத் தாண்டினால் கணவனின் தொகை அடியோடு நின்றுபோகும். பிறகு, எந்தக் காரணத்துக்காக வகுப்புக்கு வராவிட்டாலும் பிடித்தம் என்றார்கள். பிறகு தொகையையே குறைத்தார்கள். உதவி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஆனது. இதற்கெல்லாம் மேலே ஒரு விதி இருந்தது. தேர்வில் தேறிய அன்றே உதவித்தொகை நின்றுவிடும். ஆனால் வேலை பார்ப்பதற்கான லைசென்ஸ் கைக்கு வர மாதங்கள் ஆகும். லைசென்ஸ் இல்லாதவனை எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. வேலையில்லாதவர்களுக்கான உதவியைக் கேட்டுப் போனால், "உங்களுக்குத்தான் கையில தொழில் இருக்கே" என்று அனுப்பிவிடுவார்கள்.

"அந்த இடைப்பட்ட மாசத்துல என்ன பண்றதுங்க?" என்று மாமா ஒருமுறை உதவி அலுவலகத்தில் கேட்டார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் நல்ல மாதிரிதான். "அதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க" என்று வருத்தமாகவே சொன்னாள். அதன் பிறகுதான் அவர் அரைச் சுற்றுக்கு வந்தார். மூன்று தடவை தவறினாலும் மோசமில்லை. முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்கலாம், தொகையும் தொடரும். தேறினால் பட்டினி, தேறாவிட்டால் சாப்பாடு என்று ஒரு சட்டம் சொன்னால் மனிதன் என்ன செய்வான்?

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைத் திறந்தபடியே முகத்தைப் பார்த்தாள். அவள் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கொதிநீரும் மருந்து வாடையும் அவள் கையைவிட்டுப் போவதே இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"கசிஞ்சிருச்சு."

"பரவாயில்லைங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்று அவள் சட்டென்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. மாமா குடையை எடுத்துக்கொண்டு மனைவியை அழைத்துவரப் போனார். சலவைக் கூடத்தின் வாசலில், கழுத்தில் சூப்பர்வைசர் அட்டை மாட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷினைப் பார்த்துப் பயந்து அழுத அந்தப் பெண்ணுக்குத் தன் மனைவிதான் வேலை சொல்லிக்கொடுத்தாள் என்பதும் தெரியும்.

"வாழ்த்துக்கள்மா," என்றார்.

"அக்காவுக்குத்தான் நன்றி சொல்லணும். மேனேஜர் முதல்ல அவங்களைத்தான் கேட்டாரு. அக்கா ரெண்டு தடவையும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கெல்லாம் பொறுப்பு ஒத்துவராதுன்னு சொன்னாங்களாம்," என்று சொல்லி அவள் சிரித்தாள். "அக்காவுக்கா பொறுப்பு ஒத்துவராது?"

திரும்பி வரும்போது இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் நின்ற பிறகுதான் மாமா கேட்டார்.

"ஏன் வேண்டாம்னு சொன்ன?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சம்பளம் கூடினா உங்க தொகை நின்னுடும். கூடறது கொஞ்சம், போறது அவ்வளவும். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொன்னீங்களா?"

"நான் எதைச் சொல்லணும்?"

"நம்ம வீட்டு ஃபிரிட்ஜை யாரு சரி பண்ணது? பக்கத்து வீட்டு ஏ.சி.யை யாரு மாட்டிக் கொடுத்தது? இன்னைக்கு வரைக்கும் ஒரு கசிவு உண்டா? வீட்டுல கசியாத கை, பரீட்சையில மட்டும் எப்படிங்க கசியுது?"

மாமா குடையை மடக்கினார். அவர் வேண்டுமென்றே தவறுவது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று. இத்தனை நாளும் அவர் அந்தப் பக்கம் தன்னைக் குறைத்துக்கொண்டார், அவள் இந்தப் பக்கம் தன்னைக் குறைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் குனிந்து நின்றிருக்கிறார்கள். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்பாவது தப்பிக்க ஓடிப் பார்க்கும். பஸ் வந்தது. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது தேர்வு அன்று பட்டறையைக் கூட்டித் துடைத்திருந்தார்கள். துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அதில் ஒரு வரைபடம் காட்டினார். இடது மூலையில் உயரத்தில் தொடங்கிய கோடு வலது மூலைக்கு வருவதற்குள் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது.

"நாற்பது வயசுக்கு மேல படிக்கிறவங்கள்ல, உதவித்தொகை வாங்கறவங்க எண்ணிக்கை வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வருது," என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான், சிரித்த முகம். "அப்படின்னா என்ன அர்த்தம்? ஜனங்க சொந்தக் கால்ல நிக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு அர்த்தம்."

இளவட்டங்கள் கை தட்டினார்கள். மாமாவும் தட்டினார். தட்டிக்கொண்டே ஜன்னலோர மேசைகளைப் பார்த்தார். அங்கே முன்பு ஒரு தையல்காரம்மா இருந்தார். கணவரின் சம்பளம் துளி கூடியதும் தொகை நின்று, படிப்பை விட்டுப் போனார். ஒரு கொத்தனார் இருந்தார். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்ததில் வருகை குறைந்து, பிடித்தம் போட்டுப் போட்டு அவரும் போனார். இப்போது அந்த மேசைகளில் பழைய பெட்டிகள் இருந்தன.

தேர்வு தொடங்கியதும் பக்கத்து மேசையிலிருந்து கண்டக்டர் மெல்லச் சாய்ந்தார். அவருக்கு இது முதல் தேர்வு. நெற்றி வியர்த்திருந்தது.

"மாமா, எந்த நட்டைத் தளர்த்தினா சந்தேகம் வராது?"

மாமாவின் கை நின்றது. இதைத்தான் தன்னிடம் கற்றுக்கொள்ள வருகிறார்களா? கண்டக்டருக்கு இரண்டு பெண்கள், இருவரும் படிக்கிறார்கள். அந்த மனிதர் ஒரு வருஷம் ராத்திரி பகலாக உட்கார்ந்து படித்தது எந்த நட்டைத் தளர்த்துவது என்று கேட்பதற்காகவா?

"வேண்டாம்ணே," என்றார். "இறுக்கிடுங்க."

"அப்புறம் மாசச் செலவுக்கு?"

"தெரியலண்ணே. ஆனா தளர்த்தித் தளர்த்தி நான் எங்கயும் போய்ச் சேரல."

சொன்ன பிறகு தன் நட்டைப் பார்த்தார். ஸ்பேனரை வைத்து இறுக்கினார். விரல்கள் பழக்கத்தில் திரும்பித் தளர்த்தப் பார்த்தன. ஸ்பேனரை எடுத்துத் தூரமாக வைத்துவிட்டார்.

டீச்சர் வந்து சோப்புத் தண்ணீர் தடவினார். நுரை வரவில்லை. இன்னொரு தடவை தடவினார். வரவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தபோது டீச்சரின் கண் லேசாகக் கலங்கியிருந்தது. "தேறிட்டீங்கண்ணே," என்றார்.

"சபாஷ்," என்று அதிகாரி கையைக் குலுக்கினார். உற்சாகம் தாங்காமல் பிரஷ்ஷைத் தானே வாங்கி, கண்டக்டரின் குழாயிலும் தடவிப் பார்த்தார். அங்கேயும் ஒரு நுரை இல்லை. "பாருங்க, இவரும் பாஸ். கோடு இன்னும் கீழ இறங்கப் போகுது."

டீச்சர் குழாயோடு இணைத்த, காற்றழுத்தம் காட்டும் கேஜைக் குனிந்து பார்த்தார். முள் பூஜ்யத்தில் கிடந்தது. பயத்தில் கண்டக்டர் குழாய்க்குள் காற்றையே ஏற்றவில்லை.

"இல்ல சார். இதுக்குப் பாஸ் போட முடியாது," என்றார் டீச்சர். "நுரை வராததுக்கு ரெண்டு காரணம் இருக்கும். ஒண்ணு, கசிவு இல்லாம இருக்கணும். இல்லைன்னா உள்ள காத்தே இல்லாம இருக்கணும். இது காலிக் குழாய்."

"அட," என்று அதிகாரி சிரித்தார். வகுப்பும் சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தார், ஜன்னலோர மேசைகளைப் பார்த்தார். இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்தார். தொகைதான் இன்றோடு போய்விட்டதே, இனிப் போவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"சார், அந்தக் கோடும் அப்படித்தான்," என்றார். "குறைஞ்சவங்க எல்லாம் நிமிந்து நின்னவங்க இல்ல. தாக்குப்பிடிக்க முடியாம போனவங்க. இந்த மேசையில இருந்தவங்க, அந்த மேசையில இருந்தவங்க. அவங்க இங்க இல்ல, அதனால நுரை வரல."

சிரிப்பு அடங்கியது. அதிகாரி பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதிலிருந்து சோப்புத் தண்ணீர் அவர் ஷூவில் சொட்டியது.

"இதை நான் மேல எப்படிங்க சொல்றது?" என்றார் கடைசியில், கோபமில்லாமல்.

"நான் எழுதித் தரேன் சார்," என்றார் டீச்சர். "வேலை தெரிஞ்சவங்க வேணும்னே தவறிப்போறது எனக்குத் தெரியும். பாவம்னு நெனச்சு இத்தனை நாளா பேசாம 'தேறல'ன்னு போட்டேன். நான் பேசாம இருந்ததும்தான் அந்தக் கோட்டை எல்லாரையும் நம்ப வச்சுது." பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினார். "காத்து ஏத்துங்கண்ணே. மறுபடி பாக்கலாம்."

சாயங்காலம் வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். "நுரை வந்துச்சா?"

"வரல."

அவள் அங்கேயே நின்றாள். சந்தோஷமும் பயமும் ஒரே முகத்தில் இருந்தன. "தொகை?"

"இன்னையோட நின்னுது. லைசென்ஸ் எப்ப வரும்னு தெரியாது. உன் சூப்பர்வைசர் வேலையும் போச்சு."

"அடுத்த இடம் காலியானா எனக்குத்தான்னு மேனேஜர்கிட்ட இன்னைக்குக் காலைலயே சொல்லிட்டு வந்துட்டேன்."

"காலைலயேவா? நான் தேறுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு, அதான் சொல்லிட்டேன்." அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பட்டறையில் நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வர்ற மாசங்களை எப்படித் தள்ளப்போறோம்னு தெரியல," என்றார் மாமா.

"தெரியலதான். குனிஞ்சும் கஷ்டம்தான் பட்டோம், இனி நிமிந்து படுவோம்," என்றாள் அவள். "ஆனா அந்த அதிகாரிகிட்ட நீங்க இன்னொண்ணும் சொல்லியிருக்கணும். எழுந்தா விட்டுடுவேன்னு சொல்ற கை, தூக்கிவிடற கை இல்லைங்க. அமுக்கற கை."