அடைப்புக்குறியும் பேசியது

என் மனைவி மென்பொருள் எழுதுகிறவள். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். போன வருடம் அவளுக்கு இரண்டு கண்ணிலும் நரம்பு நைந்துபோனது. திரையில் எழுத்துகள் தண்ணீர் பட்ட மை மாதிரி கரைந்தன. இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

முதலில் நான்தான் படித்துக் காட்டினேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நிரலை வரி வரியாக வாசிப்பேன். எனக்கு அதில் தலையும் புரியாது, வாலும் புரியாது.

“என்னங்க, வரி முடிவுல செமிகோலன் இருக்கா?”

“புள்ளிக்குக் கீழ வால் முளைச்சிருக்கே, அதுவா?”

“அதேதான். அதை முழுங்கிட்டுப் போறீங்க. அடைப்புக்குறியையும் சேர்த்து.”

அவளுடைய மேலாளர் தங்கமான மனிதர். ஒருநாள் போனில், “கண்ணுக்குச் சிரமம் இல்லாத வேலையா மாத்தித் தரேம்மா. வாடிக்கையாளர்கிட்ட பேசுற வேலை,” என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். முகம் இறுகிவிட்டது.

“பேசுறது ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா நான் நிரல் எழுதுறவளாச்சே,” என்றாள் என்னிடம்.

மறுநாள் என்னை வாசிக்கக் கூப்பிடவில்லை. எழுத்தை உரக்கப் படிக்கும் குரல் ஒன்று அவள் கணினியிலேயே இருந்தது. அதை, நிரல் எழுதும் எடிட்டரோடு இணைக்க இறங்கிவிட்டாள். ஒரு விசையைத் தட்டினால் கர்சர் நிற்கும் வரியைக் குரல் படிக்க வேண்டும். எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, மூக்கு திரையில் உரச, சொல் சொல்லாகத் தட்டினாள்.

குரல் வந்தது. புள்ளி, கமா, அடைப்புக்குறி எதையும் சொல்லாமல் தாவியது.

“இது உங்க கூடப்பிறந்ததா? உங்களை மாதிரியே முழுங்குதே!”

குறிகளுக்குப் பதிலாக ‘திற’, ‘மூடு’, ‘முடி’ என்று சின்னச் சொற்கள் குரலுக்குப் போகும்படி மாற்றினாள். அடுத்த தொல்லை, கர்சர் கீழே போன பிறகும் குரல் பழைய வரியையே பிடித்துக்கொண்டு நின்றது. புது வரி வந்ததும் பழைய பேச்சை வெட்ட வேண்டும். அதில்தான் திணறிப்போனாள். ஒரு மத்தியானம் குரல் நிற்கவே மாட்டேன் என்று கோப்பு முழுவதையும் ஒப்பிக்க, நான் ஓடிப்போய் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினேன். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“விட்டுடலாமா?” என்றேன் மெதுவாக.

“பிளக்கைச் சொருகுங்க.”

அதையும் சரிசெய்தாள். நிரலில் சில வரிகள் உள்தள்ளி நிற்குமாம். எது எதற்குள் அடங்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு சுருதி ஏறும்படி ஒரு மணியோசையும் சேர்த்தாள். நாளாக நாளாக வேகத்தைக் கூட்டினாள். என் காதுக்குக் கடுகு வெடிப்பதுபோல் கேட்டது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மேலாளரை வீட்டுக்கே வரச் சொன்னாள். அவர் ஒரு சிக்கலோடு வந்தார்: அவர்களுடைய முன்பதிவு மென்பொருளில் சில சமயம் ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போகிறது. அவள் கோப்பைத் திறந்து அம்புவிசையைத் தட்டத் தட்ட, கடுகு வெடித்தது. ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்ப மேலே போனாள்.

“சார், இருக்கை காலியான்னு பாக்குற வரி இங்க வெளியே வந்துடுச்சு. ஒரு தடவைதான் பாக்குது. ஒவ்வொரு இருக்கைக்கும் பாக்கணும்னா உள்ள இருக்கணும். சுருதி இறங்குதே, கேட்டீங்களா?”

“எனக்கு இரைச்சல்தாம்மா கேட்டது.”

அவள் வேகத்தைக் குறைத்தாள். ‘திற’, ‘மூடு’, ‘முடி’. மணியோசை ஏறி, சட்டென்று இறங்கியது. மேலாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“அட, ஆமா! இதை யாரு செஞ்சு குடுத்தா?”

“நானேதான் சார்.”

அவர் தானே அம்புவிசையைத் தட்டி இன்னொரு முறை கேட்டார். “பேசுற வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்,” என்று எழுந்தார். வாசலில் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

உள்ளே அவள் அந்த வரியை அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைக் கூப்பிடப் போகும் நேரமாகிவிட்டது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்கூடப் புரியாமல், கதவோரம் நின்று இன்னும் கொஞ்சம் கேட்டேன்.