ஆடும் கால்

மாலைக்குள் அவள் மொழிபெயர்ப்பை அனுப்பியாக வேண்டும். நல்லபடியாக முடிந்தால் பதிப்பகம் அடுத்த நாவலையும் அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரோ சில நாட்களாகத் திடீர் திடீரென்று அணைந்துகொண்டிருந்தது. கணவன் தூசியை ஊதிப் பார்த்தான், மெமரியைக் கழற்றி மாட்டினான், சாஃப்ட்வேரை எல்லாம் புதிதாக ஏற்றினான். ஒன்றும் பலிக்கவில்லை.

"நான் தனியா உட்கார்ந்தா ஒழுங்கா ஓடுது. நீங்க பக்கத்துல வந்தாதான் அணையுது. அதுக்கு உங்களைக் கண்டாலே ஆகாது போல," என்றாள்.

"என் ராசி அப்படி. உங்கம்மா அன்னிக்கே சொன்னாங்களே," என்றபடி அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையைப் பார்த்து யோசிக்கத் தொடங்கினான். திரை கறுத்தது.

அவள் மேசைக்கு அடியில் குனிந்தாள். யோசிக்கும்போது காலை ஆட்டுவது அவன் வழக்கம். அந்தக் கால் சிபியூவின் வயரை இடித்து இடித்து, பின்னால் செருகியிருந்த முனை தளர்ந்து போயிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன் என்ஜினியர் சார்! கோளாறு பெட்டிக்குள்ள இல்ல, உங்க முட்டிக்குக் கீழ இருக்கு."

அவன் அசடு வழிந்தான். "அப்ப நான் ஹாலுக்குப் போயிடறேன்."

"ஒண்ணும் வேணாம். வயரை அழுத்திச் செருகிட்டு இந்தப் பக்கம் வந்து உட்காருங்க."

வந்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் கால் மறுபடி ஆடியது. அவள் தட்டச்சை நிறுத்தாமலே தன் பாதத்தை அதன்மேல் வைத்து அழுத்தினாள். கால் அடங்கியது. பொழுது சாயும் முன்பே மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்தது. அதன் பிறகும் அவள் பாதத்தை எடுக்கவில்லை.