தங்கையின் வாயில் பாதரசம்

மதியம் ஒன்றரை மணி. உதவிக்கு இருக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். நான் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐந்து மாத வயிறு அவளுக்கு முன்னால் வந்தது. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. நேரே போய் நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நாலையும் எடுத்துடு," என்றாள்.

"எந்த நாலை?"

"என் வாயில இருக்கிற நாலு வெள்ளி ஃபில்லிங்கை. அதுல பாதி பாதரசமாம். மென்னா ஆவி வருமாம். குழந்தைக்குப் போகுமாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் நோயாளிகளுக்கே தெரியும். பல் டாக்டர் ஒருத்தி குத்துக்கல் மாதிரி நிற்கிறேன், இவள் செல்போனில் வந்ததைக் கரைத்துக் குடித்துவிட்டு எனக்கே பாடம் நடத்துகிறாள். "எந்த மகராசன் அனுப்பினான்?" என்று ஆரம்பித்தேன். அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன். வயிற்றின் மேலேயே இருந்தது. இதற்கு முன்னால் இரண்டு தடவை கலைந்துவிட்டது. கோபம் வந்த வழியே போய்விட்டது.

"பாதரசம் இருக்கிறது நிஜம்தான்," என்றேன். "கொஞ்சூண்டு ஆவி வர்றதும் நிஜம்தான். அதனாலதான் உன்னை மாதிரி இருக்கிறவங்களுக்கு இப்ப நாங்க அதைப் புதுசா போடுறதில்ல. ஆனா உறுதியா உட்கார்ந்திருக்கிறதைக் குடைஞ்சு எடுத்தா, சும்மா இருக்கும்போது வர்றதைவிட அப்பதான் அதிகமா வரும். இந்த நேரத்துல அதைத் தொடவே கூடாது. பிரசவம் முடியட்டும்."

"நீ எடுக்கலேன்னா பரவால்ல. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வேற டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். ஒரே நாள்ல நாலையும் எடுத்துடுவாங்களாம்."

"நான் சொன்னா நம்ப மாட்டியாடி?"

"எப்படி நம்புறது? பதினெட்டு வருஷமா நீ என் வாயைத் திறந்து பாத்ததே இல்ல. பல்லு கூசுதுன்னு வந்தாக்கூட ஜூனியர்கிட்ட தள்ளி விட்டுடுற. ஃபில்லிங்னு சொன்னாலே சுவத்தைப் பாக்குற. இப்பகூட என் முகத்தைப் பாத்துப் பேசல. அதுல ஏதோ இருக்குக்கா. உனக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கிற."

அப்போதுதான் உறைத்தது. செல்போன் சொன்னதை அவள் அரைகுறையாகத்தான் நம்பியிருக்கிறாள். மீதிப் பயத்தைக் கொடுத்தது நான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"நாலுல மூணு தேவையா இருந்தது. நாலாவது தேவையே இல்ல."

கல்லூரியில் கடைசி வருடப் பரீட்சைக்கு நோயாளியை நாங்களேதான் தேடிப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். சொத்தைப் பல் உள்ள ஒரு தையற்காரரை மூன்று மாதமாகக் கெஞ்சிக் கூத்தாடி வைத்திருந்தேன். மனிதர் வலி தாங்காமல் பரீட்சைக்கு முந்தின நாள் எங்கேயோ போய்ப் பல்லையே பிடுங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் பதினாலு வயதுத் தங்கை வந்து, கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாள். மறுநாள் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, முள் மாதிரி இருக்கும் கருவியால் அந்தப் பல்லைக் குத்திப் பார்த்தேன். எங்கும் சிக்கவில்லை. வெறும் கறை. தேர்வாளருக்கு இருபது பேரைப் பார்க்கும் அவசரம், எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் கல்வத்தில் அரைத்து, துணியில் பிழிந்து, குடைந்த பல்லில் வைத்து அடைத்தேன்.

"நல்ல பல்லை என் பரீட்சைக்காகக் கெடுத்தேன். அதைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. விஷம்னு பயந்து இல்லடி, வெக்கம். என்னை மன்னிச்சுடு."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"லூசு அக்கா. அந்தப் பல்லு வலிக்கவே இல்ல."

"தெரியும். வேற ஏதாவது வலியை நீ..."

"எதுவுமே வலிக்கல. அன்னைக்கு நீ குழாயைத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்ல அழுதுட்டு இருந்த. நான் வெளில நின்னு கேட்டேன். கண்ணாடில பாத்து, எந்தப் பல்லு கறுப்பா இருக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சுட்டுதான் உன்கிட்ட வந்தேன். ஊசின்னா எனக்கு எவ்ளோ பயம் தெரியுமா?"

நான் திருடியதாக நினைத்துக்கொண்டிருந்த பல்லை இந்த வாலு எனக்குக் கொடுத்திருக்கிறாள். நாற்பது வயதில், வெள்ளைக் கோட்டோடு, குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள்மேல் எனக்கு இருந்த பாசம் அந்த அறையில் கொள்ளவில்லை.

"போதும் போதும். மூக்கைச் சிந்திட்டு வந்து பாரு," என்று வாயை அகலமாகத் திறந்தாள்.

கையைக் கழுவினேன். கையுறை மாட்டிக்கொண்டு, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, விளக்கை இழுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓரம் விலகவில்லை, விரிசல் இல்லை. நாலாவதில் கொஞ்ச நேரம் நின்றேன்.

"மார்க் எவ்ளோ?" என்றாள், வாயில் கண்ணாடியை வைத்துக்கொண்டே.

"பேசாம இருடி."

கண்ணாடியை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "நாலும் கெட்டியா இருக்கு. குழந்தைக்கு நல்லதுன்னா நானே இன்னைக்கே எடுத்திருப்பேன். பிரசவத்துக்கு அப்புறமும் உனக்கு வேண்டாம்னு தோணினா, ஒவ்வொண்ணா என் கையாலயே எடுத்துத் தர்றேன்."

அவள் என்னையே ரொம்ப நேரம் பார்த்தாள். நானும் சுவரைப் பார்க்கவில்லை. பிறகு பையிலிருந்து செல்போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நேரம் வாங்கியிருந்தேங்க. வேண்டாம்."

அந்தப் பக்கம் காரணம் கேட்டிருப்பார்கள் போல.

"எங்க அக்கா பாத்துட்டாங்க," என்றாள்.