பரஸ்தானம் போன சப்பாத்து

என் வீட்டுக்காரர் தேவதாஸ் ஏணியிலிருந்து விழுந்தது மெர்டேக்காவுக்கு நாலு நாள் முன்பு. நகராண்மைக் கழகத்தில் அவருக்கு வேலை. திடலைச் சுற்றி விளக்குத் தோரணம் கட்டச் சொல்லியிருந்தார்கள். ஊரே சுதந்திரம் கொண்டாடிக்கொண்டிருந்த நாளில் இவர் தொடை எலும்பை உடைத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டியபடி கிடந்தார். பட்டாசுச் சத்தம் மட்டும் கேட்டதாம்.

மூன்று மாதத்தில் எலும்பு ஒட்டிவிட்டது. ஒட்டி என்ன பிரயோசனம்? கால் முருங்கைக்காயாக மெலிந்து வீட்டுக்கு வந்தது. அப்புறம் இரண்டு மாதம், மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் பலகை வீட்டில், நான்தான் அவருக்குக் கை, நான்தான் கால். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைப்பேன். முதுகு தேய்ப்பேன், தலை சீவுவேன். கை இரண்டும் நன்றாக இருக்கிற மனிதருக்குச் சோறு பிசைந்து ஊட்டவும் செய்தேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு வாயைத் திறந்தார்.

மாசி மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். கழகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி கலியாணசுந்தரம் வீட்டுக்கே வந்து தமிழில் சொன்னார். வடக்கே ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறதாம். இரவும் பகலும் தாதிகள் இருப்பார்கள், கால் பழக்கி நடக்கச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருப்பார்கள். மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டும். மாதம் ஒரு தடவைதான் நான் போய்ப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை காலை வேன் வரும். அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரித் தாதி, மிஸ்ஸி என்போமே, ஒருவர் வீட்டுக்கு வந்து சோதிப்பார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவராகவே மாற வேண்டும். பிறகு காலில் சப்பாத்துப் போட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு, இருபது எண்ணும்வரை நிற்க வேண்டும். முடியாவிட்டால் இல்லத்தில் அவருக்கான கட்டில் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

"அது படுத்துக் கிடக்கிற இடம் இல்லம்மா, எந்திரிக்கிற இடம்," என்றார் கலியாணசுந்தரம்.

எனக்கு அவர் சொன்னதில் செவ்வாய் என்பது மட்டும்தான் குத்தியது. செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அன்றைக்கு அவருக்குச் சந்திராஷ்டமம் வேறு. உடைந்த காலோடு கிளம்புகிறவரை அப்படி ஒரு நாளில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"பஞ்சாங்கத்த அந்த வேன் டிரைவர்கிட்ட கொடுத்துப் பாரேன், நாள மாத்துவான்," என்று கட்டிலிலிருந்து சிரித்தார்.

"உங்களுக்கு விளையாட்டு. விளையாட்டா ஏறித்தான் விழுந்தீங்க," என்றேன்.

இதற்கெல்லாம் நம் பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில், போகிறவருடைய பொருள் ஒன்றை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அதற்குப் பரஸ்தானம் என்று பேர். அந்தப் பொருள் வாசல் தாண்டியபோதே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. ஆனால் வைத்த பொருள் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. போகிறவர்தான் அங்கே போய் எடுத்துக்கொண்டு அப்படியே வழியைப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு கைப்பிடி அரிசி, விரலி மஞ்சள் எல்லாம் முடிந்துகொண்டேன். கூடவே, கடிதத்தில் கேட்டிருந்தார்களே என்று வாங்கிய புதுச் சப்பாத்தை அட்டைப்பெட்டியோடு எடுத்தேன்.

"சப்பாத்தையா பரஸ்தானம் வைக்கிற?" என்றார்.

"பயணத்துக்கு அதைவிடப் பொருத்தம் என்ன இருக்கு? கான்வாஸ்தான், தோல் இல்ல. இன்னும் மண்ணக்கூட மிதிக்கல."

பக்கத்து வீட்டு மாக் சீதா மலாக்காச் செட்டி வம்சம். கும்பிடுவது நம் சாமிதான், பேசுவது மலாய். அவளுக்குத் தமிழ் வராது, எனக்குச் சந்தை மலாய்தான் வரும். பரஸ்தானத்தை எப்படி விளக்குவது என்று திணறி, கடைசியில் "பந்தாங்" என்றேன், செய்யக் கூடாத காரியம் என்கிற அர்த்தத்தில். அந்த ஒரு சொல் போதும். அவள் முகம் மாறிவிட்டது. முடிச்சைச் சாமி மாடத்தடியில் வைத்தாள். பெட்டியை முன்கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் வைத்து, மேலே ஒரு துணியும் போர்த்தினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மூன்று சக்கரப் பெச்சா வண்டியில் வந்து இறங்கினார் மிஸ்ஸி ஜெயா. சின்னப் பெண், கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, கையில் அட்டை. இவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரோத்தான் பிரம்பு நாற்காலியைக் கட்டிலோரம் போட்டார். நான் வழக்கம்போல அவர் அக்குளில் கை கொடுக்கப் போனேன்.

"அக்கா, நீங்க கை வைக்கக் கூடாது."

எடுத்துவிட்டேன். அவர் தானாக எழ முயன்றார். ஒருமுறை சரிந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்த கையில் நரம்பு புடைத்தது. மூன்றாவது தடவை புரண்டு, ஊன்றி, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் அவராகச் செய்த முதல் காரியம் அது. நான் செய்யவிடாத காரியம்.

"சப்பாத்து எங்க? போட்டுவிட்டு நிற்கச் சொல்லலாம்," என்றார் மிஸ்ஸி.

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை. சிமெண்டுத் தரை வழுக்கும், வெறுங்காலில் நிற்கவைத்து இன்னொரு எலும்பு உடைந்தால் மிஸ்ஸிதான் பதில் சொல்ல வேண்டும்.

"அக்கா, உஜோங் பாசிர்ல இன்னொரு வீடு பாக்கணும். சப்பாத்து இல்லன்னா நான் 'தயாரா இல்ல'ன்னுதான் எழுதணும்."

பேனாவின் மூடியைக் கழற்றினார். சாத்திரமாவது ஒன்றாவது என்று வேலிக்கு ஓடினேன். செம்பருத்திச் செடிக்கு மேலே எட்டிப் பார்த்து, பெட்டியைக் கொடு என்று கேட்டேன். மாக் சீதா இரண்டு கையாலும் வாசலை மறித்து நின்றாள்.

"பந்தாங்!" என்றாள். நீயே சொல்லிவிட்டு நீயே கேட்கிறாயா, உன் புருஷனுக்கு ஏதாவது ஆனால் பழி என் வீட்டு மேல் அல்லவா விழும் என்று மலாயில் பொரிந்தாள். நான் கெஞ்சினேன். மிஸ்ஸியும் வந்து கெஞ்சினார். அசையவில்லை.

"அது இங்க வரக்கூடாதுன்னா, நான் அங்க போறேன்," என்று எங்கள் வீட்டுக்குள்ளேயிருந்து இவர் குரல் வந்தது.

பெச்சாக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நாற்காலியோடு தூக்கினோம். செம்பருத்தி வேலிச் சந்து வழியாக மாக் சீதா வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம். அவள் துணியை எடுத்து, பெட்டியைத் திறந்து, ஏதோ பிரசாதம் தருவதுபோல் நீட்டினாள். மிஸ்ஸி சப்பாத்தை மாட்டி, நாடாவைக் கட்டினார். இவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் புருஷனின் உயரத்தைப் பார்த்தேன். என்னைவிட ஒரு சாண் உயரம் என்பதையே மறந்துபோயிருந்தேன்.

இருபதுக்குச் சொன்னார்கள், முப்பது வரை நின்றார். மிஸ்ஸி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெச்சாவில் ஏறினார்.

நாற்காலியைத் திருப்பித் தூக்கலாம் என்று நான் குனிந்தபோது மாக் சீதா மறுபடியும் வாசலை மறித்தாள். பரஸ்தானத்தை எடுத்தாகிவிட்டது. இனி அவர் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. நான் சொன்ன சாத்திரம்தானே!

"சரி, இன்னிக்கு இங்கதான்," என்றார் அவர். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் ரசமும் சோறும் கொண்டுபோனேன். மாக் சீதா தட்டை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "சாபார்," பொறுத்திரு, என்று என் தோளைத் தட்டி அனுப்பிவிட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். அவர் தானாகப் பிசைந்து தானாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பருக்கை சிந்தவில்லை.

வீட்டுக்குள் வந்து வெறுங்கட்டிலில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சோதனைக்குச் சப்பாத்து வேண்டும் என்று கலியாணசுந்தரம் படித்தது என் காதில் நன்றாகவே விழுந்தது. எடுத்து வைக்க எத்தனையோ பொருள் இருந்தது, துண்டு, சீப்பு, கண்ணாடி. நான் சப்பாத்தை எடுத்தேன். தெரிந்து செய்தேனா, தெரியாமல் செய்தேனா, இன்றைக்கும் சத்தியம் செய்யமாட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், பிள்ளை குட்டி இல்லை. அவர் எப்போதும் ஏணி, சங்கம், பந்து விளையாட்டு என்று வெளியிலேயே இருந்தவர். இந்த இரண்டு மாதம்தான் எனக்கு முழுசாகக் கிடைத்தார். அவர் நடக்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்துகொண்டு, நடக்கவிடாமல் நானே பிடித்துவைத்திருக்கிறேன். நினைக்க நினைக்க அழுகையாக வந்தது.

மறுநாள் காலை கோப்பி எடுத்துக்கொண்டு போனேன். அவர் குளித்து, சட்டை மாற்றி, தலை சீவி நாற்காலியில் இருந்தார். வகிடு கோணலாக இருந்தது. என் கை தானாக எழுந்தது.

"வேணாம் சந்திரா," என்றார் மெதுவாக. "அங்க யாரு சீவிவிடுவா?"

கையை இறக்கிக்கொண்டேன்.

"சப்பாத்த நான்தான் ஒளிச்சு வெச்சேன்போல," என்றேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படி வந்தது.

"தெரியும். பொட்டியத் தூக்கும்போதே தெரியும்," என்றார். "எனக்கும் அப்ப போக மனசில்ல. அதான் சும்மா இருந்தேன்."

வேன் வந்து ஹாரன் அடித்தது. நானும் மாக் சீதாவும் நாற்காலியை வாசலில் இறக்கினோம். அவர் வேன் கதவைப் பிடித்து எழப் போனபோது பார்த்தேன், நல்ல காலின் நாடா அவிழ்ந்து தரையில் கிடந்தது. அவரும் பார்த்துவிட்டார். மறுபடி உட்கார்ந்து குனிந்தார். கை அதுவரை எட்டவில்லை. மூச்சு வாங்கியது.

டிரைவர் இறங்கி வந்து மண்டிபோட்டார். "நான் கட்டிவிடுறேன் ஐயா, நேரமாகுது."

"தொடாதீங்க தம்பி," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. "அவரே கட்டுவாரு."

"இன்னும் ரெண்டு பேர ஏத்தணும்மா."

"ஏத்தலாம். காத்திருக்கட்டும்."

அவர் தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு இன்னும் குனிந்தார். ஊருக்கே தோரணம் கட்டிய விரல்கள் நாடாவைத் தேடிப் பிடித்தன. ஒருமுறை நழுவியது, மறுபடி பிடித்தார். என் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அவர் கட்டி முடிக்கும்வரை நின்றேன்.