சிவப்பு அறுபது

அக்காவின் வலது தாடையில் பாதியை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே ஒரு வீக்கம்கூடக் கிடையாது. உள்ளே கட்டி எலும்பை அரித்திருந்தது. ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்த முகத்தை ஒரு தடவை ஒழுங்கா படம் எடுத்துக் குடுடா."

"கல்யாண ஆல்பம் இருக்கே?"

"அதுல இருக்கிறது மேக்கப்காரி போட்ட முகம். எனக்கு என்னோடது வேணும்."

கேட்க வேண்டுமா! பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெளிச்சத்தையே நான்தான் கண்டுபிடித்தது போல அலைந்துகொண்டிருந்தேன். ஸ்டுடியோ ஃபிளாஷ் வாடகைக்கு எடுத்தேன். கடைக்காரர் ஒரு வயரைக் கொடுத்து, "இந்த முனை கேமராவுல, அந்த முனை ஃபிளாஷ்ல. பட்டனை அமுக்கினா வெட்டும். அவ்ளோதான்" என்றார். 'அவ்ளோதான்' என்று யார் சொன்னாலும் நம்பிவிடுகிற ரகம் நான்.

ஹாலில் மேஜையை ஓரங்கட்டி, ஜன்னலுக்குப் போர்வை போட்டு, அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஷட்டர் வேகத்தைத் திருப்பும் வட்டில் எல்லா எண்ணும் வெள்ளை, அறுபது மட்டும் சிவப்பு. சிவப்பென்றால் ஆபத்து, கிட்டே போகாதே என்று புரிந்துகொண்டு, அடுத்திருந்த நூற்றிருபத்தைந்தில் வைத்தேன். வேகம் கூடினால் படம் கூர்மையாக வரும் என்று அவளுக்கு ஒரு சொற்பொழிவு வேறு.

"போதும் புரொஃபஸர், எடு."

ஃபிளாஷ் வெட்டியது. ரோல் தீரும்வரை, முப்பத்தாறு தடவையும் பிசகாமல் வெட்டியது. கடைசி ரெண்டு படத்தில் அவள் சிரித்தாள், வாய் நிறைய.

"ஃபோன்லயும் ஒண்ணு எடுத்து வையேன்டா."

"அப்போ என்மேல நம்பிக்கை இல்ல?" என்று முறுக்கிக்கொண்டேன். அவளும் விட்டுவிட்டாள். ஒரு விரல் வேலை அது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், ஃபிலிம் கழுவக் கொடுத்திருந்த லேப்புக்குப் போனேன். லேப்காரர் பிரிண்டுகளை மேஜைமேல் பரப்பினார். ஒவ்வொன்றிலும் சரிபாதி கறுப்பு.

"எந்த ஸ்பீடுல எடுத்தீங்க?"

சொன்னேன்.

"ஃபிளாஷ் போட்டா அறுபதைத் தாண்டக் கூடாது சார். தாண்டினா, அது வெட்டுறதுக்குள்ள ஷட்டர் பாதியை மூடிடும். அதுக்குத்தானே சிவப்புல போட்டிருக்கான்?"

"நான் ஆபத்துன்னு நினைச்சேன்."

சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கறுப்பில் போயிருந்தது வலது கன்னம். ஸ்டூலை ஒரு அங்குலம்கூட நகர்த்தாமல், முப்பத்தாறிலும் அதே கன்னத்தைத் தொலைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் கண்ணுக்குக் கீழே முழுக்கக் கட்டு. பேச முடியாது, எழுதிக் காட்ட ஒரு சின்னப் பலகையும் மார்க்கர் பேனாவும் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். பொய் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். படங்கள் இருந்த கவர் தானாகக் கைமாறிவிட்டது.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "டாக்டரும் நீயும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: "ஒண்ணுகூட முழுசா இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

பேனாவை மூடி என் சட்டைப்பையில் செருகிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.